ஃபோம் ஷீட், செருப்புக்கடை சொல்யூஷன், லூம் பேண்ட்: விராலுக்கு ஒரு கைத்தவளை

விரால் பிடிக்கத் தூண்டிலில் கட்டுகிற ரப்பர் தவளைப் பொம்மை ஒன்று கடையில் 150 ரூபாயிலிருந்து 400 வரை போகிறது, தூண்டில் முள் நன்றாக இருக்க வேண்டுமென்றால் அதற்கும் மேலே. டெல்டா வாய்க்கால்களில் தூண்டில் போடுகிறவர்களுக்கு நிலைமை தெரியும். ஒரு கரையில் ஆகாயத்தாமரை, இன்னொரு கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு, நடுவில் யாரோ வெட்டிப் போட்ட கருவேல முள். காலையில் கட்டிய தவளை மதியம் வரை கையில் இருந்தாலே பெரிய விஷயம். தொலையாமல் தப்பினாலும் விராலின் பல் பட்டு ரப்பரில் ஓட்டை விழுந்து, உள்ளே தண்ணீர் ஏறி, ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் அதைப் பிழிந்துவிட்டு வீச வேண்டிய நிலைக்கு வந்துவிடும்.

அதனால் முள்ளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஸ்டேஷனரி கடை, ஃபேன்சி ஸ்டோர், ஹார்டுவேர் கடை மூன்றிலும் கிடைக்கிற சாமானை வைத்தே செய்துவிடுவது என்று இறங்கினேன். ஒன்றுக்கு 40 ரூபாய்க்குள் அடங்க வேண்டும், முள்ளையும் சேர்த்து. முள்ளில் மட்டும் மிச்சம் பிடிக்கக்கூடாது, அது தனிக் கதை, பின்னால் வருகிறேன்.

முதலில் பொம்மை எப்படி இருக்க வேண்டும் என்பதைவிட என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தால் பாதி வேலை குறைந்துவிடும். விரால் காற்றைக் குடிக்கிற மீன். செவுள் மட்டும் அதற்குப் போதாது, அவ்வப்போது மேலே வந்து வாய் நிறையக் காற்றை வாங்கிக்கொண்டு போயாக வேண்டும். அதனால் மேல்மட்டத்தில் என்ன நடக்கிறது என்பதில் அதற்கு எப்போதும் ஒரு கண் உண்டு. ஆனால் அது கீழே இருந்து பார்க்கிறது. மேலே வெளிச்சமான வானம், அதில் கறுப்பாக ஒரு உருவம், இரண்டு கால் இழுபடுகிறது, தண்ணீர் அதிர்கிறது. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். கடைத் தவளையின் முதுகில் இருக்கிற புள்ளி, பச்சை மஞ்சள் கோடு, பளபளக்கிற கண், இதெல்லாம் வாங்குகிறவனுக்காகப் போட்டது. மீனுக்கு வேண்டியது நான்கு விஷயம்: மிதக்க வேண்டும், வால் தாழ்ந்து மூக்கு தூக்கி நிற்க வேண்டும், இலைமேல் இழுத்தால் மாட்டாமல் வர வேண்டும், கடித்தால் உடம்பு அமுங்கி முள் வெளியே வர வேண்டும். நான் செய்ததெல்லாம் இந்த நான்கைச் சுற்றித்தான்.

உடம்புக்கு ஃபோம் ஷீட். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிராஃப்ட் வேலைக்கு வாங்குகிற 2 மில்லி தடிமன் உள்ள ஏ4 தாள், கலர் கலராகக் கிடைக்கும். பெயர் ஈ.வி.ஏ. ஃபோம். ஜிகினா ஒட்டியது வேண்டாம், ஜிகினாமேல் பசை நிற்காது. தெர்மாகோலைத் தொடவே வேண்டாம், பல் பட்டால் உதிரும், நெயில் பாலிஷ் பட்டால் கண்ணெதிரே குழிந்து உருகும். பழைய ஹவாய் செருப்பில் வெட்டலாமா என்றால், வெட்டலாம், மிதக்கும், ஆனால் அது கடிக்கு அமுங்காது. செருப்பு அட்டை மிதவைக்கும் நுங்கு வண்டிச் சக்கரத்துக்கும் நல்லது, விரால் வாய்க்குள் அமுங்கிக் கொடுக்க வேண்டிய பொருளுக்கு உதவாது.

தாளை ஐந்தரை சென்டிமீட்டர் நீளம், மூன்றுக்குக் கொஞ்சம் குறைவான அகலம் என்று புளியங்கொட்டை வடிவத்தில் எட்டுத் துண்டு வெட்டிக்கொண்டேன். ஒன்றை அட்டையில் வெட்டி அச்சு வைத்துக்கொண்டால் மற்றவை ஒரே அளவாக வரும். எட்டு அடுக்கு சேர்ந்தால் 16 மில்லி தடிமன். இதில் நடுவில் இருக்கிற நான்கு அடுக்குக்கு மட்டும் உள்ளே ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும், இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக. ஒட்டி முடித்ததும் உள்ளே ஒரு வெற்றிடம் வந்துவிடும். முள்ளின் காது, அதாவது அதன் தலையில் இருக்கிற ஓட்டை, உட்காருவதற்கும் அந்த இடம்தான், மீன் கடிக்கும்போது முதுகு உள்வாங்குவதற்கும் அந்த இடம்தான். ஜன்னல் இல்லாமல் எட்டு அடுக்கையும் கெட்டியாக ஒட்டினால் விரலால் அமுக்கியே பார்க்கலாம், கல் மாதிரி நிற்கும். ஊரில் கையால் தவளை செய்கிற பலர் மீன் அடிக்கிறது, ஆனால் மாட்டமாட்டேன் என்கிறது என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பசை விஷயத்தில் நிறையப் பேர் க்ளூ கன்னை எடுத்துவிடுகிறார்கள். சீக்கிரம் காயும் என்பது உண்மைதான். ஆனால் அது கனம், ஓரத்தில் மொத்தையாக நிற்கும், சித்திரை வெயிலில் வண்டி டிக்கிக்குள் வைத்த தவளை மெல்ல வாய் பிளக்கும். ஃபெவிக்விக் காய்ந்தால் கண்ணாடி போல விறைத்து, அமுக்க அமுக்க விரிசல் விடும். வெள்ளை ஃபெவிகால் தண்ணீரில் ஊறிக் கழன்றுவிடும். சரியான சாமான் செருப்புத் தைக்கிற கடையில் இருக்கிறது. அவர்கள் சொல்யூஷன் என்று சொல்கிற மஞ்சள் ரப்பர் பசை. ஹார்டுவேர் கடையிலும் சின்ன டியூபில் கிடைக்கும். இரண்டு முகத்திலும் மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் போல விட்டு, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அமுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் உள்ளே பல நாளைக்குக் காயாது. சேர்த்த பிறகு நகர்த்த முடியாது, அதனால் ஒரு நுனியிலிருந்து ஆரம்பித்து நேர்பார்த்துக்கொண்டே ஒட்ட வேண்டும். ஜன்னல் கதவைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள், அந்த வாடை தலையைச் சுற்றும். அடுப்புப் பக்கமும் போகக்கூடாது, சட்டென்று பற்றிக்கொள்ளும்.

எட்டையும் ஒரேயடியாக ஒட்டிவிடாதீர்கள். அடியில் இரண்டு, ஜன்னல் உள்ள நான்கு, மேலே இரண்டு என்று மூன்று கட்டாகப் பிரித்து, நடுக்கட்டை அடிக்கட்டோடு ஒட்டிவிட்டு நிறுத்த வேண்டும். திறந்த பெட்டி மாதிரி இருக்கிற இந்த நிலையில்தான் கம்பியும் முள்ளும் உள்ளே போகிறது.

கம்பிக்கு நான் போனது ஆர்கான் வெல்டிங் பட்டறைக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒட்டுவதற்கு அவர்கள் வைத்திருக்கிற ஃபில்லர் ராடு 1.2 மில்லியில், நேராக, ஒரு மீட்டர் நீளத்துக்குக் கிடைக்கிறது. துருப்பிடிக்காது, குறடால் வளைத்தால் வளைகிறது, வளைத்த இடத்தில் நிற்கிறது. கட்டிட வேலைக் கட்டுக்கம்பி இதற்கு ஆகவே ஆகாது, ஒரு கிலோ மீன் இழுத்தாலே வளையம் நிமிர்ந்துவிடும். சைக்கிள் போக்ஸ் கம்பி 2 மில்லி, இந்தச் சின்ன உடம்புக்குப் பாரம். பட்டறை அண்ணன் இரண்டு ராடை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, “எதுக்கு தம்பி?” என்று கேட்டார். தவளைக்கு என்றேன். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, காசும் வாங்கவில்லை.

கம்பியை ஊசிமூக்குக் குறடால் வளையமாக்கி, வால்பகுதியைத் தண்டின்மேல் நெருக்கமாக ஐந்து சுற்று சுற்ற வேண்டும். மூக்குப் பக்கம் ஒரு வளையம் நரம்பு கட்ட. உடம்புக்குள் இருக்கிற பக்கம் ஒரு வளையம், முள்ளின் காதை அதில் கோத்துவிட்டுத்தான் சுற்றி மூட வேண்டும். இந்த இணைப்பை ஒட்டி மூடுவதற்கு முன்னால் இழுத்துப் பார்த்துவிட வேண்டும். வீட்டில் பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு இருந்தது, கட்டில் காலில் முள்ளை மாட்டி 10 கிலோ வரை இழுத்தேன். வளையம் அசையவில்லை. இதே இடத்தில் மூன்றே சுற்று சுற்றிய இன்னொன்று 6 கிலோவைத் தாண்டும்போது மெல்லத் திறக்க ஆரம்பித்தது. விரால் அவ்வளவு கனம் வராது, ஆனால் தாமரைக்கொடியில் சுற்றிக்கொண்ட விராலைக் கொடியோடு சேர்த்துத்தானே இழுக்கிறோம்.

முள் என்றால் தவளைக்கென்றே வருகிற இரட்டை முள், 2/0 அல்லது 3/0 அளவு, தண்டு நீளமானது. ஒரு காது, ஒரு தண்டு, பின்னால் இரண்டாகப் பிரிந்து, இரண்டு நுனியும் முன்னோக்கி முதுகின் இரு பக்கமும் படுக்கும். தரமான கம்பெனி முள்ளாகப் பார்த்து வாங்குங்கள். நகத்தில் வைத்து லேசாக இழுத்தால் வழுக்காமல் குத்தி நிற்க வேண்டும், வழுக்கினால் அது மொட்டை. ஒரு முள் 15, 20 ரூபாய்க்கு வந்தது. மொத்தச் செலவில் பாதி இதுதான்.

காதும் வளையமும் ஜன்னலுக்குள் உட்கார, தண்டு வால் நுனியில் போட்ட சின்னக் கீறல் வழியாக வெளியே போகும். இப்போது மேல்கட்டைச் சொல்யூஷன் தடவி மூடிவிடலாம். மூடிய பிறகு ஓர் இரவு கனமான புத்தகத்தின் அடியில் வைத்தேன், முள் வெளியே தொங்குகிற மாதிரி. காலையில் பிளேடால் ஓரங்களைச் சீவி, 120 உப்புத்தாள், அப்புறம் 220 உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் படிப்படியாக இருந்த அடுக்குகள் மறைந்து உருண்டையாக வந்துவிடும். தேய்த்த ஃபோமின் மேல் துளைகள் திறந்து பஞ்சு போலத் தெரியும். கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்து, ஜ்வாலைக்கு ஒரு சாண் மேலே, நிற்காமல் சட்டென்று ஒரு ஓட்டம் காட்டினால் மேல்தோல் இறுகி, லேசாக மினுங்கும். தண்ணீர் ஊறுவது இதோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஒட்டிய பசை முழுக்கக் காய்ந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், கையில் முள் இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

அடுத்தது எடை. இங்கேதான் கடைத் தவளையைவிட நம்முடையது நன்றாக வர வாய்ப்பிருக்கிறது, நமக்கு வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம். ஃபோமைத் தண்ணீர் நிறைந்த டம்ளரில் முழுக்க அமுக்கி, வழிந்த தண்ணீரைச் சிரிஞ்சால் அளந்தேன். கிட்டத்தட்ட 12 மில்லி. அப்படியென்றால் மொத்த எடை 12 கிராமைத் தொட்டால் மூழ்கிவிடும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசில் ஃபோம், பசை, கம்பி, முள் எல்லாம் சேர்ந்து 6 கிராமுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. இன்னும் இரண்டரை கிராம் ஈயத் தகட்டை வாலுக்கு வெளியே, முள் தண்டில் சுற்றி நெருக்கினேன். 9 கிராம். ஜன்னலுக்குள் தண்ணீர் புகுந்தாலும் இரண்டு இரண்டரை மில்லிதான் போகும், அப்போதும் மூழ்காது. கடைத் தவளையில் இந்தப் பாதுகாப்பு இல்லை, அது வெறும் தோல்.

ஈயம் வாலில் இருப்பதால் வால் தாழும், மூக்கு தூக்கும், முள் எப்போதும் மேல்பக்கம் இருக்கும். பக்கெட்டில் போட்டுத் தலைகீழாகத் திருப்பி விட்டால் தானே புரண்டு நேராக வர வேண்டும். வரவில்லையென்றால் ஈயத்தைத் தண்டின் அடிப்பக்கமாகத் தள்ளுங்கள். ஈயத்தை உருக்க வேண்டாம், அதுவும் சமையல் அறையில் வேண்டவே வேண்டாம். வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டைச் சுத்தியால் தட்டினால் தகடாகிவிடும், கத்தரியால் வெட்டிச் சுற்றிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

முள் நுனி முதுகோடு ஒட்டிப் படுக்க வேண்டும். இதற்காக முதுகில் இரண்டு பக்கமும் பிளேடால் ஆழமில்லாத வாய்க்கால் ஒன்று எடுத்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஏரிக்குப் போக வேண்டியதில்லை. டர்க்கி டவலைத் தரையில் விரித்துத் தவளையை அதன்மேல் இழுங்கள். டவலின் நூல் வளையத்தில் முள் மாட்டினால் கோரையிலும் மாட்டும். மாட்டாமல் வழுக்கி வந்தால், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முதுகையும் வயிற்றையும் அமுக்கிப் பாருங்கள், இரண்டு நுனியும் தெளிவாக வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை, ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும், இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதில்தான் நேரம் போகிறது. என் கணக்கில், அடர்ந்த ஆகாயத்தாமரைக்கு வாய்க்கால் ஆழமாகவும், அல்லி இலை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற இடத்துக்கு நுனி கொஞ்சம் தூக்கலாகவும் இருக்கட்டும்.

காலுக்கு லூம் பேண்ட். பிள்ளைகள் கையில் பின்னிப் போடுகிற கலர் ரப்பர் வளையம், ஒரு பாக்கெட் வாங்கினால் வருஷம் முழுக்கத் தவளை செய்யலாம். வளையத்தை ஓரிடத்தில் வெட்டினால் ஐந்து சென்டிமீட்டர் இழை. வாலின் இரு பக்கமும் கோணி ஊசியால் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் நாலைந்து இழையைச் சேர்த்து இழுத்து, துளையில் மட்டும் ஒரு சொட்டு ஃபெவிக்விக். இங்கே அது விறைப்பது நல்லதுதான். பலூனைக் கீற்றாக வெட்டியும் போடலாம், தண்ணீரில் அழகாக நெளியும், ஆனால் வெயிலில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உல்லன் நூல் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். கால் நீளமாக இருந்தால் தவளை நேராக வரும், குட்டையாக வெட்டினால் ஒவ்வொரு சுண்டலுக்கும் இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பும். திறந்த தண்ணீரில் குட்டைக்கால், செடிக்குள் நீளக்கால்.

பெயின்ட் என்றால் துணியில் பூசுகிற ஃபேப்ரிக் கலர். காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும். நெயில் பாலிஷை இந்த மெத்து உடம்பில் பூசினால் இரண்டு கடியில் செதில் செதிலாக உரியும். வயிற்றுக்குக் கறுப்பு அல்லது வெள்ளை, அதற்குமேல் யோசிக்கவில்லை. முதுகில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய பொட்டு வைத்தேன், அது எனக்காக. இருபது இருபத்தைந்து அடிக்கு அப்பால் பச்சை இலைகளுக்கு நடுவில் பச்சைத் தவளை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவிப்பதைவிட அசிங்கமான ஆரஞ்சுப் புள்ளி எவ்வளவோ மேல். கண் வேண்டும் என்று வீட்டில் பெண் அடம்பிடித்ததால் அவளே ஸ்டிக்கர் பொட்டில் இரண்டு எடுத்து ஒட்டி, மேலே சொல்யூஷனை மெல்லிசாகத் தடவிவிட்டாள். இன்னும் விழவில்லை. ஒட்டுகிற பொம்மைக் கண்களைவிட இது எவ்வளவோ பரவாயில்லை, அவை முதல் வீச்சிலேயே பறந்துவிடும்.

கொண்டுபோன இடம் அரசலாற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்கால், அதை ஒட்டிய குளம். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். தண்ணீர் நின்றபின் வாய்க்கால் வற்ற வற்ற, விரால் பள்ளமான இடங்களிலும் குளத்திலும் அடைந்துகொள்ளும். மாசி, பங்குனி வெயில் ஏறும்போது மேல்தண்ணீரில் வேட்டை நன்றாக இருக்கும். குளத்தைப் பஞ்சாயத்தில் ஏலம் எடுத்தவர் ஒருவர் உண்டு, அவரிடம் சொல்லாமல் தூண்டில் போடக்கூடாது. போய்க் கேட்டேன். தவளையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன தம்பி, செருப்ப அறுத்து முள்ளுல கட்டியிருக்க?”

“செருப்பு இல்லண்ணே, பிள்ளைங்க கிராஃப்ட் செய்ற தாள்.”

“இதக் கடிக்கிற விரால் என் குளத்துல இருந்தா அது எனக்கு வேணாம், நீயே கொண்டுபோ.”

அவரைப் போன்றவர்கள் உயிருள்ள குட்டித் தவளையை முள்ளில் கோத்து, மூங்கில் கம்பால் தண்ணீர்மேல் தட்டித் தட்டிப் பிடித்துப் பழகியவர்கள். மீன் விழுவதில் அதற்கு ஈடு இல்லை என்பது உண்மை. எனக்குத் தவளையைக் குத்த மனம் வருவதில்லை, வயலில் பூச்சி தின்கிற ஜீவன்.

நரம்புக்குப் பதிலாகப் பின்னல் நூல், 30 பவுண்டு. தங்கூஸ் நரம்பு இழுத்தால் நீளும், தூரத்தில் முள் ஏறாது. 9 கிராம் என்பதால் சின்னத் தூண்டில் ராடில் தாராளமாகப் பறந்தது. செடி இடைவெளிக்கு நேராக வீசாமல், அதைத் தாண்டி இலைமேல் விழவைத்து, மெல்ல இழுத்து, இலை விளிம்பிலிருந்து தண்ணீரில் சொட்டென்று இறக்க வேண்டும். இறங்கியதும் தொடாதீர்கள். வட்டம் அடங்கட்டும். அப்புறம் ராடு நுனியால் ஒரு சுண்டு, நிறுத்து, இரண்டு சுண்டு, நிறுத்து. மூக்கு தூக்கி நிற்பதால் ஒவ்வொரு சுண்டலுக்கும் ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம் வந்தது. இது கடைத் தவளையில் எனக்கு வராத சத்தம், முகத்தை நான் கொஞ்சம் தட்டையாகச் சீவியிருந்தது காரணமாக இருக்கலாம்.

விரால் அடிக்கிற விதம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வெடிக்கும், தவளை காணாமல் போகும், கை தானாக இழுக்கப் பார்க்கும். இழுக்கக்கூடாது. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணி, நூல் நகருவது தெரிந்தபின் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். இந்தத் தவளையின் மெத்து உடம்பு இங்கே உதவுகிறது, மீன் உடனே துப்பிவிடுவதில்லை. கரைக்கு வந்தது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, மேல்தாடையில் ஒரு முள் ஏறியிருந்தது, இன்னொன்று வெறுமனே வெளியே. அதற்குப் பின் அடிகள் வந்தன, எல்லாம் மாட்டவில்லை, கடைத் தவளையிலும் எல்லாம் மாட்டுவதில்லை. குளத்துக்காரரிடம் மீனைக் காட்டினேன், மீனைப் பார்த்தார், தவளையைப் பார்த்தார், “நாளைக்கு எனக்கு ஒண்ணு கட்டிக்கொடு” என்றார்.

ஒரு விஷயம் மட்டும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர்மேல் செம்மஞ்சள் நிறத்தில் பொடிக்குஞ்சுகள் கும்பலாகக் கொப்பளித்துக்கொண்டே நகர்வதைப் பார்த்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அந்தக் கும்பலுக்குள் எதைப் போட்டாலும் அடிக்கும், பசிக்காக அல்ல, விரட்டுவதற்காக. சுலபமாகப் பிடிக்கலாம். பிடித்தால் மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

இதே ஆர்வத்தில் வேறு சில சாமானிலும் கை வைத்தேன். தஞ்சாவூர் நெட்டி வேலை செய்கிறவர்களிடம் உதிரித் துண்டுகள் கிடைக்கும், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே நெட்டி. தண்ணீரில் வளர்கிற செடியின் தண்டு, எடை என்பதே கிடையாது, பிளேடு வழுக்கிக்கொண்டு போகும், சின்னக் கெண்டைக்குஞ்சு உருவம் அரை மணியில் செதுக்கிவிடலாம். ஆனால் பச்சையாகத் தண்ணீரில் போட்டால் உறிஞ்சிக்கொண்டு சொதசொதவென்று ஆகிவிடும், விரால் ஒரு கடி கடித்தால் நசுங்கிவிடும். மேலே இரண்டு கை எபாக்ஸி, அதுவும் ஐந்து நிமிடத்தில் இறுகுகிற ரகம் இல்லாமல் மறுநாள் வரை நேரம் எடுக்கிற அரால்டைட், மெல்லிசாகப் பூசி, வழிந்து ஒரு பக்கம் சேராமல் இருக்கக் கால் மணிக்கொரு தடவை புரட்டிக்கொண்டே இருந்தால்தான் ஓடு கிடைக்கும். குரவைக்கும் சின்ன மீனுக்கும் போதும், விராலுக்கு நான் இன்னும் நம்பவில்லை.

நெட்டிமீன் உடம்பில் சாக்லேட் சுற்றி வருகிற வெள்ளித்தாளை நகத்தால் நீவி ஒட்டி, மேலே கலரில்லாத நெயில் பாலிஷ் அடித்தபோது ஃபின்லாந்துக்காரர் லௌரி ராப்பாலா நினைவுக்கு வந்தார். இன்று உலகம் முழுக்க விற்கிற அந்தப் பெயர், 1936-ல் ஒரு தக்கைத் துண்டைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கியதில் ஆரம்பித்தது. அவரும் சாக்லேட் தாளைத்தான் ஒட்டினார். மேல்பூச்சுக்கு வார்னிஷ் வாங்கக் காசில்லாமல் பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். அந்தக் காலத்து ஃபிலிம் பலவும் நைட்ரோசெல்லுலோஸ், நம் நெயில் பாலிஷில் காய்ந்து படலமாக நிற்கிறதும் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான். ஆக ஃபேன்சி ஸ்டோரில் 30 ரூபாய்க்கு வாங்குகிற பாட்டில் அவ்வளவு மட்டமான சாமான் ஒன்றும் இல்லை, விறைப்பான உடம்பின்மேல் பூசுகிறவரைக்கும்.

எவர்சில்வர் டீஸ்பூனின் காம்பை அறுத்து, இரண்டு முனையிலும் 3 மில்லி ஓட்டை போட்டு, பின்னால் மூன்று நுனி உள்ள முள்ளும் முன்னால் சுழலியும் மாட்டினால் கழிமுகத்தில் கொடுவாய் மீனுக்குப் போடலாம். ஸ்பூன் தூண்டிலுக்கு அமெரிக்காவில் ஜூலியோ பியூல் காப்புரிமை வாங்கியது 1852-ல், அதற்குப் பிறகு பெரிதாக யாரும் அதை மாற்றவில்லை. ஓட்டை போடுவதுதான் சிரமம். எவர்சில்வர் வேகமாகச் சுற்றினால் இறுகிக்கொண்டு துளைப்பானை மழுங்கடிக்கும், ஆணியால் ஒரு குழி தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெதுவாகச் சுற்றி, நன்றாக அழுத்த வேண்டும். சுழலி இல்லாமல் கட்டினால் நூல் முழுக்க முறுக்கேறிவிடும்.

தவளை இப்போது எப்படி இருக்கிறது என்றால், முதுகில் வரிசையாகப் பல்தடம், ஆரஞ்சுப் பெயின்ட் பாதி போய்விட்டது, வயிற்றில் ஓரிடத்தில் அடுக்கு பிரிந்திருந்தது. பிரிந்த இடத்தை ஓர் இரவு காயவைத்து, குச்சி நுனியால் சொல்யூஷன் தடவி, துணி கிளிப் போட்டு இறுக்கினேன், சேர்ந்துகொண்டது. முள் மழுங்கினால் மாற்றுவதற்கு வயிற்றுப் பக்கம் ஜன்னலுக்கு நேராக ஒரு கீறல் போட்டு, வளையத்தைத் திறந்து, புது முள் கோத்து, மறுபடி ஒட்ட வேண்டும், அரை மணி வேலை. அடுத்து செய்கிறவற்றில் அந்தக் கீறலை முதலிலேயே போட்டு, சொல்யூஷனை ஓரத்தில் மட்டும் தொட்டு மூடப்போகிறேன். குளத்துக்காரருக்குக் கறுப்பு வயிறு வேண்டுமாம், கண் வேண்டாமாம்.